பூட்டு இருக்கு... பயமில்லை!

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். (செயலாளர் என்றால் யாரோ இல்லை, என் பக்கத்து பெஞ்ச்காரன்தான்!) கவிதை தருகிறேன் என்றேன். "தயவு செஞ்சு வேண்டாம்டா. இது வரைக்கும் 37 கவிதை வந்திருக்கு. 35-ல நிலா இருக்கு, மீதி ரெண்டுல மழை. மெக்கானிக்கல் பசங்க லேத்தைப் பத்தி எழுதிட்டாங்க, சிவில் பசங்க கண்மாயைப் பத்தி எழுதிட்டாங்க. கம்ப்யூட்டர்காரங்க நீங்க மட்டும்தான் பாக்கி. படிச்சது ஏதாவது எழுது" என்றான்.

எழுதுகிறேன். ஆனால் நண்பர்களே, இது நான் ஜெயித்த கதை இல்லை, கோட்டை விட்ட கதை. அதிலும் போனது என் பணம் இல்லை, என் அக்காவின் பணம். அதனால்தான் ஹாஸ்டலில் கூட இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வாய் வராததை மலரில் எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன நப்பாசை.

கதை எங்கள் நெட்வொர்க் லேபில் ஆரம்பிக்கிறது. மூன்றாம் செமஸ்டர். மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டம். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரிந்தவர்கள். சார் அன்றைக்குப் பாடம் எடுக்கவில்லை. தன் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட் ஆக்கினார். பக்கத்து மேஜையில் இருந்த இன்னொரு லேப்டாப்பை அதில் சேர்த்தார். அவரே தயார் பண்ணி வைத்திருந்த ஒரு டம்மி லாகின் பக்கத்தைத் திறந்து, "யாராவது வந்து ஒரு பாஸ்வேர்டு அடிங்கப்பா, உண்மையான பாஸ்வேர்டு வேண்டாம்" என்றார்.

நம்ம பையன் ஒருவன் போனான். பெயர் வேண்டாம், மலர் வீட்டுக்கும் போகும். அவன் அடித்தது திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. சார் தன் லேப்டாப்பில் வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து நாலு வரி தள்ளி நிறுத்தினார். புரொஜெக்டரில் பெரிய எழுத்தில் வந்தது: இந்ததடவைபாஸ்123!

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. (தகவலுக்கு: அந்தத் தடவையும் அவன் பாஸ் இல்லை.) சிரிப்பு அடங்கியதும் சார் சொன்னார்: "சிரிக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையில, ஓசி வைஃபை கிடைச்சா ஓடிப் போய் சேர்றீங்களே, அந்த வைஃபைக்குச் சொந்தக்காரன் இடத்துல இப்ப நான் உட்கார்ந்திருக்கேன்." அப்புறம் அதே பக்கத்தை, முகவரியில் எச்டிடிபி என்று இருந்த இடத்தில் ஒரு எஸ் கூடுதலாகச் சேர்த்து, எச்டிடிபிஎஸ் ஆகத் திறந்தார். பையன் மறுபடி அடித்தான். இந்தத் தடவை வயர்ஷார்க்கில் வந்தது வெறும் குப்பை. எந்தத் தளத்தோடு பேசுகிறோம் என்ற பெயர் மட்டும் கவர் மேல் எழுதிய விலாசம் மாதிரி தெரிந்தது. கவருக்குள் என்ன இருக்கிறது என்பது சாருக்கும் தெரியவில்லை.

முகவரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு. அதைச் சார் விரலால் தொட்டுக் காட்டினார். அன்று அந்தப் பூட்டின் மேல் எனக்கு வந்த காதல் இருக்கிறதே... நிலாவைப் பற்றி எழுதிய 35 பேருக்கும் வந்திருக்காது.

சார் சொன்ன சரித்திரமும் பிடித்துப் போயிற்று. முன்பின் பார்த்திராத இரண்டு பேர், நடுச்சந்தையில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகப் பேசியே தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ள முடியும். கூட நின்று கேட்டவனுக்கு அந்தச் சாவி கிடைக்காது. இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று 1976-ல் டிஃபி, ஹெல்மேன் என்ற இரண்டு பேர் எழுதினார்கள். வெறும் பேப்பரில் இருந்த அந்த மாதிரிக் கணக்குகளை வைத்து, இணையத்தில் சாமான் வாங்குகிறவனின் கார்டு நம்பரைக் காப்பாற்ற 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனி வெளியிட்டதுதான் எஸ்எஸ்எல். அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்த எகிப்துக்காரர் தாஹேர் எல்கமாலைத்தான் இதற்கு அப்பா என்பார்கள். 1999-ல் அதற்கு டிஎல்எஸ் என்று பெயர் மாறியது. 2018-ல் வந்தது அதன் 1.3 பதிப்பு. பெயர் மாறி இத்தனை வருடம் ஆகியும் பழக்கதோஷத்தில் இன்னமும் எஸ்எஸ்எல் என்றே சொல்கிறோம். மதராஸை விடாத தாத்தாக்கள் மாதிரி.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனவன் சும்மா இருந்தேனா? அம்மா, பெரியம்மா, எதிர் வீட்டு மளிகைக் கடை அண்ணாச்சி என்று ஒருவரையும் விடவில்லை. "பூட்டு இருக்கான்னு பாருங்க. பூட்டு இருந்தா பயமில்லை. இல்லைன்னா அந்தப் பக்கமே போகாதீங்க." ஊருக்கே உபதேசம்! அண்ணாச்சி மட்டும், "தம்பி, என் கடையிலயும் பூட்டு இருக்கு. அதுக்காக நான் சரியா நிறுக்கேன்னு அர்த்தமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் மொத்தச் சரக்கும் அந்த ஒரு கேள்விதான். அவர் படித்தது எட்டாவது.

2024 தீபாவளிக்குச் சுமார் இரண்டு வாரம் இருக்கும். அக்கா போன் பண்ணினாள். அக்காவைப் பக்கத்து டவுனில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைக்கிறாள். மிதிக்கிற மெஷின். கல்யாணத்தின்போது அம்மா கொடுத்தது. மோட்டார் வைத்த மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. முழங்கால் வலி வேறு. கடையில் விசாரித்தால் பதினெட்டாயிரம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, வாட்ஸ்அப்புல ஒண்ணு வந்திருக்குடா. தீபாவளி ஆஃபராம். அதே கம்பெனி, அதே மெஷின், 6,499 ரூபாய்தான் போட்டிருக்கான். இன்னிக்கு ராத்திரியோட முடியுதாம். உங்க மச்சான் வேண்டாங்கிறாரு. நீ கம்ப்யூட்டர்தானே படிக்கே, பார்த்துச் சொல்லு."

லிங்க்கை எனக்கு அனுப்பினாள். நானும் திறந்து பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு தையல் மெஷின் கம்பெனியின் பெயர், படம், விளம்பரம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. கீழே வாங்கியவர்களின் பாராட்டு மழை. மேலே ஒரு கடிகாரம் வேறு, இன்னும் 3 மணி 12 நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் எதைப் பார்த்தேன்? முகவரியின் இடது ஓரத்தைப் பார்த்தேன். பூட்டு இருந்தது. அதைத் தொட்டேன். இணைப்பு பாதுகாப்பானது என்று எழுதியே வந்தது.

"அக்கா, பூட்டு இருக்கு. பயமில்லை. வாங்கு!"

இந்த மூன்று வாக்கியத்தையும் நான் இன்று வரை மறக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டாள். "பணம் கட்டுற இடத்துல யாரோ ஒரு ஆள் பேரு வருதேடா, கம்பெனி பேரு வரலையே?" படிக்காதவள் கேட்ட அருமையான கேள்வி. பாலிடெக்னிக் மாணவன் சொன்ன அருமையான பதில்: "அது ஓனர் பேரா இருக்கும்க்கா."

பார்சல் வரவில்லை. அக்கா என்னிடம் சொல்லவும் இல்லை. தீபாவளி முடிந்து போன் பண்ணிய அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். அதற்குள் 11 நாள் ஓடியிருந்தது. நான் அக்காவைக் கூப்பிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுடா... நீயே சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்?" என்றாள். சீட்டுப் பணம் அது. ஒரு ஜாக்கெட் தைக்க 120 ரூபாய் வாங்குகிறாள். 6,499 ரூபாய்க்கு எத்தனை ஜாக்கெட் என்று அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் கணக்குப் போட்டேன். ஐம்பத்துநாலு ஜாக்கெட் தைத்தாலும் 19 ரூபாய் குறைகிறது.

1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டோம். சைபர் மோசடியில் பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய எண் அது. மத்திய அரசின் தளத்திலும் எழுதிக் கொடுத்தோம். விஷயம் என்னவென்றால், இதில் எல்லாமே வேகம்தான். பணம் முதல் கணக்கில் தங்கியிருக்கும்போதே சொல்லிவிட்டால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. பதினோரு நாளில் அது எத்தனை கை மாறியிருக்குமோ! புகார் எண் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. மெஷின் கம்பெனியைக் குற்றம் சொல்லவும் வழி இல்லை. அவர்கள் பெயரையே திருடித்தானே இதைச் செய்திருக்கிறார்கள்!

புகார் எழுதும்போது ஒன்று நடந்தது. ஒரு தடவை சூடு பட்ட பூனை இல்லையா, இந்தப் புகார்த் தளமாவது நிஜமா என்று எனக்குச் சந்தேகம். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். கடைசியில் கவ்.இன் என்று முடிந்தது. அரசாங்கத்தைத் தவிர வேறு யாருக்கும் தராத வால் அது. அப்போதுதான் உறைத்தது: இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் படிக்கிறேன், ஒரு முகவரியை முழுசாக வாசித்தது அன்றுதான் முதல் தடவை!

அப்புறம் லீவு நாளில் சார் வீட்டுக்கே போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். பூட்டு இருந்ததே சார் என்று கேட்டபோது குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. சார் கோபப்படவில்லை. "தப்பு என் மேலயும் இருக்கு. பாதிப் பாடத்தோட பெல் அடிச்சுட்டான்" என்றார். மீதிப் பாதியை அவர் வீட்டுத் திண்ணையில் கேட்டேன். அதைத்தான் என் பாஷையில் இங்கே சொல்கிறேன்.

பழைய காலத்தில் மார்க் ஷீட் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைவார்கள். (இப்போது பல இடங்களில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆகிவிட்டது.) அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, உண்மை நகல் என்று முத்திரை குத்துவார். அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்? அசலும் நகலும் ஒன்று, அவ்வளவுதான். நீங்கள் நல்லவரா, கடன் வாங்கினால் திருப்பித் தருவீர்களா என்பதற்கெல்லாம் அவர் ஜவாப்தாரி இல்லை.

வெப்சைட்டின் சான்றிதழும் அதே மாதிரிதான். ஒரு பெயரை நான் பதிவு பண்ணினால், அந்தப் பெயர் என் கைவசம்தான் இருக்கிறது என்று சான்றிதழ் தருகிற நிறுவனத்திடம் நிரூபிக்க வேண்டும். எப்படி? இந்த ஃபைலை உன் தளத்தில் வைத்துக் காட்டு என்று அது சொல்லும். வைத்தால் முடிந்தது, சில நிமிடத்தில் சான்றிதழ் வந்துவிடும். ஒரு மனுஷனும் நேரில் வந்து பார்ப்பதில்லை, எல்லாம் மெஷின்தான். முன்பெல்லாம் இதற்குக் காசு கொடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு எல்லாருக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். சின்னச் சின்னத் தளங்கள் எல்லாம் பூட்டுப் போட்டது அந்தப் புண்ணியத்தில்தான். ஆனால் மழை நல்லவன் வயலில் மட்டுமா பெய்கிறது? திருடனுக்கும் அதே பூட்டு, அதே பலம். அக்கா கட்டிய பணத்தை நடுவில் ஒருத்தனும் எட்டிப் பார்த்திருக்க முடியாது. பத்திரமாக, சீல் வைத்த கவரில், நேராகத் திருடன் கையில் போய்ச் சேர்ந்தது!

நான் ஒருவன்தான் இப்படி ஏமாளி என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் எஃப்பிஐ-யே 2019 ஜூனில், பூட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பாதீர்கள் என்று ஜனங்களுக்கு அறிவிப்புக் கொடுத்திருக்கிறது. கூகுள்காரர்கள் 2021-ல் ஆராய்ந்தபோது, பூட்டின் சரியான அர்த்தம் புரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினோரு பேர்தானாம். அதனாலேயே 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரில் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு வட்டமும் போட்ட ஒரு படத்தை வைத்தார்கள். அக்கா போனில் இருந்த பிரவுசர் வேறு, அதில் பூட்டு அப்படியே இருந்தது. என் போனிலும் அதேதான். இருந்திருக்காவிட்டால் வேறு எதையாவது பார்த்து ஏமாந்திருப்பேன், அது வேறு விஷயம்.

கெஜட்டட் ஆபீசரே தப்புப் பண்ணினால் என்ன ஆகும் என்று சாரிடம் கேட்டேன். ஆகியிருக்கிறது. 2011-ல் நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் கம்பெனிக்குள் ஒருவன் புகுந்து, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எழுதிக்கொண்டான். அதை வைத்து ஈரானில் இருந்தவர்களின் மின்னஞ்சலை நடுவில் நின்று படித்திருக்கிறார்கள். அவர்கள் திரையில் பூட்டு சரியாகத்தான் தெரிந்திருக்கும். குரோம் வைத்திருந்த ஈரான்காரர் ஒருவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை வந்தது. கூகுளின் சான்றிதழ் யாரிடமிருந்து வர வேண்டும் என்று குரோமுக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததுதான் காரணம். அவர் அதைத் தள்ளிவிட்டுப் போகாமல், இது என்ன என்று வெளியே கேட்டார். அதில்தான் குட்டு உடைந்தது. எல்லா பிரவுசரும் டிஜிநோட்டாரை ஒதுக்க, அடுத்த மாதமே கம்பெனி திவால். நம் நாட்டிலும் 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் வழியாக கூகுள் பெயரில் அனுமதி இல்லாத சான்றிதழ்கள் வெளியாகி, பிறகு ரத்து செய்யப்பட்டன.

இங்கே எங்கள் லேபைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஒன்பதாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எப்போது ஆன் பண்ணினாலும் அதில் தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கிற பட்டன் செல் செத்துப் போய் வெகு நாளாகிறது. தேதி தப்பாக இருந்தால் பிரவுசருக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காத குழந்தை மாதிரிதான். எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை காட்டும். சில தளங்களுக்கு வழியே விடாது. விடுகிற தளங்களில் நாங்கள் என்ன செய்தோம்? அட்வான்ஸ்டு என்பதை அழுத்து, பரவாயில்லை போ என்பதை அழுத்து. ஜூனியருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தோம். ஒன்றே முக்கால் வருடம்! ஒரு பட்டன் செல்லுக்குச் சோம்பல்பட்டு ஐம்பது அறுபது பேருடைய விரலுக்கு எச்சரிக்கையை மதிக்காமல் தாண்டப் பழக்கிவிட்டோம். அந்த ஈரான்காரர் எங்கள் லேபில் படித்திருந்தால் டிஜிநோட்டார் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கும். (போன மாதம் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் செல் மாற்றிவிட்டார். பேரவை சார்பில் நன்றி!)

சரி, இப்போது நான் எப்படிப் பார்க்கிறேன்? முதலில் பெயர், அப்புறம்தான் பூட்டு. பெயரையும் பின்னாலிருந்து பார்க்கிறேன். நம்ம ஊர்களில் எங்கே பார்த்தாலும் திருநெல்வேலி ஒரிஜினல் அல்வாக் கடை இருக்கும். போர்டில் கொட்டை எழுத்தில் திருநெல்வேலி. கீழே பொடி எழுத்தில் விலாசம் பார்த்தால் தாம்பரம். கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதை விலாசத்தின் கடைசி வரிதான் சொல்லும். வெப்சைட்டும் அப்படியே. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வருகிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற வாலும், அதற்கு முந்தைய சொல்லும் சேர்ந்துதான் நிஜச் சொந்தக்காரன். (நம்ம கோ.இன், கவ்.இன் மாதிரி வாலே இரண்டு துண்டாக இருந்தால் இன்னும் ஒரு சொல் தள்ளிப் பார்க்க வேண்டும்.) அதற்கும் இடப்பக்கம் எந்தக் கம்பெனி பெயரை வேண்டுமானாலும், எந்த பேங்க் பெயரை வேண்டுமானாலும் எவனும் எழுதிக்கொள்ளலாம். தடுக்க ஆள் இல்லை. அக்காவுக்கு வந்த முகவரியில் கம்பெனி பெயர் இருந்தது, ஒரு கோடு போட்டு தீபாவளி இருந்தது, இன்னொரு கோடு போட்டு சேல் இருந்தது, வால் ஷாப் என்று முடிந்தது. மொத்தமும் சேர்ந்து புத்தம் புதுசாக ஒருவன் பதிவு பண்ணிய வேறு பெயர். சுத்தமான தாம்பரம் அல்வா!

அந்தப் பெயரை அப்புறம் நான் தேடிப் பார்த்தேன். தளத்தை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் டிஜிநோட்டார் கலாட்டாவுக்குப் பிறகு வந்த ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இப்போது சான்றிதழ்களை எல்லாரும் பார்க்கிற பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதாத புதுச் சான்றிதழை 2018-லிருந்து குரோம் ஏற்பதில்லை. நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது மாதிரி நாமும் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. பார்த்தேன். முதல் சான்றிதழ், அக்கா பணம் கட்டியதற்கு ஒன்பது நாளைக்கு முன்னால் வாங்கியது. பெயரைப் பதிவு பண்ணியது அதற்கு முந்தின நாள். நம் பாட்டிகள் காலத்திலிருந்து மெஷின் விற்கிற கம்பெனிக்குப் பத்து நாள் வயதில் ஒரு கடை! சான்றிதழ் தேதி மட்டும் புதுசாக இருப்பதில் தப்பு இல்லை, இலவசச் சான்றிதழின் ஆயுளே 90 நாள்தான், நல்ல தளமும் அடிக்கடி புதுப்பிக்கும். பெயர் எப்போது பிறந்தது என்பதுதான் கேள்வி. இதைப் பார்க்க எனக்கு நாலு நிமிடம் ஆனது. அந்த ராத்திரி கடிகாரத்தில் 3 மணி 12 நிமிடம் இருந்தது.

பேங்க் விஷயத்தில் இப்போது கொஞ்சம் சுலபம். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் பேங்க்.இன் என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. அந்த வாலை வங்கிகளைத் தவிர யாருக்கும் தருவதில்லை. வால் அதுதானா என்று பார்க்கிறேன். மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாமல் முகவரியை நானே அடித்துப் போகிறேன். பஸ் ஸ்டாண்டு வைஃபையிலும் எஸ் இல்லாத பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட அடிப்பதில்லை. சார் நடத்திய முதல் பாதி பொய் ஆகிவிடவில்லையே!

அக்காவுக்கும் அல்வாக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் எனக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறாள், கூடவே தீர்ப்பும் அவளே எழுதிவிடுகிறாள்: "தாம்பரம்". பெரும்பாலும் சரியாக இருக்கிறது. போன பொங்கலுக்கு முன்னால் ஒன்று அனுப்பினாள். மறுபடி தையல் மெஷின். விலை அவ்வளவு மலிவு இல்லை, பெயரும் பழையதுதான், பூட்டும் இருந்தது, தேதிகளும் சரியாக இருந்தன. ஆனால் அந்தக் கடையைப் பற்றி எங்கே தேடியும் ஒரு தகவலும் அகப்படவில்லை. ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"தெரியலைக்கா" என்றேன்.

"என்னடா தெரியலை?"

"நல்ல கடையா, கெட்ட கடையான்னு எனக்குத் தெரியலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, அப்போ பஜார்லயே தவணைக்கு வாங்கிக்கிறேன். வட்டி போனாப் போகுது" என்றாள்.

மச்சான் டிவிஎஸ்ஸில் கட்டி எடுத்து வந்தார். முன்பணத்தில் 2,000 ரூபாய் என் இன்பிளான்ட் டிரெய்னிங் ஸ்டைபண்டில் கொடுத்தது. வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டாள், அம்மா சொன்ன பிறகு வாங்கிக்கொண்டாள். மெஷின் நன்றாக ஓடுகிறது. தவணை இன்னும் நாலு பாக்கி.